இருபத்தேழாம் ஓட்டை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. ஒரு லாரி டிரைவர், பழுது விவரம் எழுதும் வேலைச் சீட்டின் பின்பக்கத்தைக் காட்டி, "நடந்ததை இதுல எழுதிக் குடும்மா, படிச்சவதானே நீ" என்றார். அதனால் எழுதுகிறேன். ஒரு பக்கம் போதும் என்றார். இது எட்டாவது வரைவு.

முதல் மூன்று வரைவுகள் 'நான்' என்று தொடங்கின. மூன்றிலும் நான் ரொம்ப நல்லவளாக இருந்தேன். கிழித்துவிட்டேன். இனி அவளை 'அவள்' என்றே எழுதப் போகிறேன். கொஞ்சம் தள்ளி நிறுத்தினால்தான் அவள் முகத்தில் இருக்கும் கிரீஸ் எனக்குத் தெரிகிறது.

நாலாவது வரைவு:

அன்று காலை வானம் மூட்டமாக

(யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. கேபினை முன்னால் சாய்த்துப் போட்டு, லாரியின் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடித்தேன்.)

ஐந்தாவது:

எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டு அமைப்பானது பல்வேறு உணரிகளிலிருந்து பெறப்படும்

(இது கல்லூரியில் எழுதிய விடை. பதினாறு மார்க் கேள்விக்குப் பதினைந்து போட்டார்கள். லாரி ஓடியிருக்காது.)

2

கதையில் நாலே பேர்.

அவள். எலக்ட்ரானிக்ஸ் பட்டதாரி. குடும்பத்தில் முதல் ஆள். கோபக்காரி. லாரிப் பட்டறையில் ஒயரிங், சென்ஸார், ஸ்கேனர் எல்லாம் அவள் பொறுப்பு.

அக்கா. நாலு வயது மூத்தவள். பட்டறை அவளுடையது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டாள். தங்கைக்காகத் தியாகம் செய்தாள் என்று ஆறாவது வரைவில் எழுதி அவளுக்கே வாசித்துக் காட்டினேன். பிளையரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "கணக்குல மூணு தடவை ஃபெயிலுடி. தியாகமாம், தியாகம்."

ஹாரன். லாரி டிரைவர். அவர் பேசினால் பக்கத்து டயர் கடைக்காரர் பதில் சொல்வார். அதனால் அந்தப் பெயர்.

அண்ணி. ஹாரனின் மனைவி. வண்டியில் கூடவே போகிறவள். இந்தக் கதையில் அதிகம் பேசாதவள். அதை நம்பி நானும் ஏழு வரைவில் அவளை ஓரமாகவே உட்கார வைத்திருந்தேன். அது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

3

இரண்டு நாளுக்கு முன் ஹாரன் முழுப் பாரத்துடன் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். பாதி மேட்டில் ஆக்ஸிலேட்டர் பெடல் செத்துப்போனது. மிதிக்கிறார், மிதிக்கிறார், எஞ்சின் சும்மா முனகிக்கொண்டு நிற்கிறது. பிரேக் பிடித்தும் பாரம் இழுத்து வண்டி பின்னால் நகர்ந்தது. அண்ணி கதவைத் திறந்து குதித்து, சக்கரத்துக்குப் பின்னால் மரக்கட்டையை வைத்தாள். முழங்கை சிராய்த்துவிட்டது. வண்டி நின்றது. அரைமணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் பெடல் வேலை செய்தது.

பட்டறைக்கு வந்ததும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் மூன்று கோளாறு: பெடல், ஆயில் அழுத்தம், காற்றழுத்தம். ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாத மூன்று.

இப்படி நாலா பக்கமும் கோளாறு காட்டும்போது, உலகத்தில் பாதிப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: பெட்டி போச்சு. பெட்டி என்றால் கன்ட்ரோல் மாட்யூல். எஞ்சினின் பக்கவாட்டில் நாலு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும், கணக்கு நோட்டு அளவு அலுமினியப் பெட்டி. எல்லாச் சென்ஸாரும் அதனிடம்தான் கோள் சொல்லும். அதற்கு வாய் கிடையாது. அதனால் எல்லாப் பழியும் அதன் தலையில்.

அக்கா இதற்கு நேர் எதிர். பட்டறைச் சுவரில் சாக்பீஸால் அவளே எழுதியிருக்கிறாள்: பெட்டி கடைசி. முதலில் பேட்டரி, அப்புறம் ஃப்யூஸ், அப்புறம் எர்த், அப்புறம் ஒயர், அப்புறம் ஒயர்களைப் பெட்டியில் செருகும் கனெக்டர். எல்லாவற்றையும் பார்த்து, எதுவும் தப்பில்லை என்றால்தான் பெட்டியில் கை.*

* கனெக்டரைக் கழற்றி மாட்டினாலே சில கோளாறு பத்து நாளைக்கு அடங்கிவிடும். பெட்டியை மாற்றியதால் சரியானது என்று நினைத்துக்கொள்வோம். பதினோராவது நாள் இன்னொரு மேடு வரும்.

அப்படிப்பட்ட அக்கா, நேற்றுக் காலையில் ஹாரனிடம் சொன்னாள்:

"பெட்டிதான் போயிருக்கும் போல. கழட்டிப் பார்த்துடலாம்."

அவள் கையிலிருந்த ஸ்கேனரைக் கீழே வைத்தாள்.

"அக்கா, காய்ச்சலா உனக்கு?"

4

வாசகரே, ஒரு நிமிஷம். இந்த வண்டிக்கும் ஒரு காலேஜ் ஃபாரத்துக்கும் சம்பந்தம் உண்டு. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏழாவது வரைவில் இதைக் கடைசிவரைக்கும் மறைத்து வைத்தேன். மறைத்தால் சுவாரஸ்யம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு மறைக்க வராது. கோபம்தான் வரும்.

ஹாரனுக்கு ஒரே மகள். பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். எலக்ட்ரானிக்ஸ் சேர வேண்டும் என்று நிற்கிறாள். ஃபாரம் ஹாரனின் சட்டைப் பையில், நாலாக மடித்து, பேனாவுக்குப் பின்னால் இருக்கிறது. அப்பா கையெழுத்துப் போட வேண்டும். இன்னும் மூன்று நாளில் கெடு முடிகிறது.

"பாப்பா," என்றார் அவளிடம். "உன்னைப் பத்திக் கேட்டுத்தான் என் பொண்ணுக்கு அந்த ஆசையே வந்துச்சு. போன தடவை அந்த ஆயில் லைட்டுப் பிரச்சனையை அரை மணி நேரத்துல புடிச்சியே, லாரி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிட்டேன். அவங்க அம்மாதான் இழுத்துக்கிட்டு நிக்கறா. இந்த வண்டியையும் நீ சரி பண்ணிட்டேன்னா, அவளுக்கும் ஒரு நம்பிக்கை வரும். இங்கேயே கையெழுத்துப் போட்டுடறேன்."

அண்ணி டூல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்து முழங்கையில் ஊதிக்கொண்டிருந்தாள்.

ஹாரனின் புகழ்ச்சியில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கூடவே எரிச்சலும். ஒரு பையன் ஒரு லாரியைக் கெடுத்தால், அந்தப் பையன் கெடுத்தான் என்பார்கள். ஒரு பெண் கெடுத்தால், பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்ததே தப்பு என்பார்கள். பார்த்தே இராத ஒருத்தியின் படிப்பைத் தன் தலையில் தூக்கி வைத்துவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டு, அவள் வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்தாள்.

5

"செக் பண்ணாம எப்படிக்கா பெட்டியைக் கழட்டறது?"

"நேத்து சாயங்காலமே எல்லாம் பார்த்துட்டேன். விடுடி."

"என்ன பார்த்த? எழுதி வச்சியா?"

"என் மண்டைல எழுதி வச்சிருக்கேன்."

"அதைக் கழட்டித் தா, நான் படிச்சுக்கறேன்."

ஹாரன் சிரித்த சிரிப்பில் டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவள் முதலிலிருந்து தொடங்கினாள். பேட்டரி இரண்டும் சேர்ந்து இருபத்தைந்து வோல்ட் காட்டியது. ஸ்டார்ட் பண்ணும்போது இருபதுக்குக் கீழே இறங்கவில்லை. ஃப்யூஸைக் கண்ணால் பார்த்து நம்பாமல், பல்பை மாட்டி எரிய வைத்துப் பார்த்தாள். பளிச்சென்று எரிந்தது. எர்த் கேபிளில் துருவும் இல்லை, வோல்ட் இழப்பும் இல்லை.

"பார்த்தியா, எல்லாம் சரியா இருக்கு. பெட்டிதான்," என்றாள் அக்கா.

"ஒயர் பாக்கி இருக்கு."

"ஒயர் நல்லாத்தான் இருக்கு."

"நீ ஏன்க்கா இன்னைக்குக் கமிஷன் வாங்கின கடைக்காரி மாதிரி பேசற? போன தடவை நான் எழுதின வேலைச் சீட்டு எங்க?"

"எலி தின்னுருக்கும்."

"ஃபைல் முழுசா இருக்கு. இந்த வண்டிச் சீட்டு மட்டும் எலி தின்னுச்சா?"

"படிச்ச எலி போல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சாவியை ஆன் செய்து, ஸ்கேனரை ஹாரன் கையில் கொடுத்து, மூன்று சென்ஸார் எண்களையும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னாள். ஒயர்க் கட்டைச் சேஸிஸ் பக்கத்திலிருந்து பிடித்து, சாண் சாணாக ஆட்டிக்கொண்டே வந்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பெட்டியின் கனெக்டருக்குப் பக்கத்தில் ஆட்டியபோது ஹாரன் கத்தினார்.

"குதிக்குது பாப்பா! மூணும் சேர்ந்து குதிக்குது!"

மூன்றும் ஒன்றாகக் குதித்தால், மூன்றுக்கும் பொதுவாக ஒன்று இருக்க வேண்டும். மூன்று சென்ஸாருக்கும் எர்த் ஒரே ஒயரில் போகிறது. அது கனெக்டரின் இருபத்தேழாம் ஓட்டையில் பெட்டிக்குள் நுழைகிறது.

அவள் கனெக்டரைக் கழற்றினாள். உதிரிப் பின் ஒன்றை எடுத்து ஒவ்வொரு ஓட்டையாக விட்டு, மெல்ல இழுத்துப் பார்த்தாள். நல்ல ஓட்டை பின்னைப் பிடித்துக்கொள்ளும், விடமாட்டேன் என்று லேசாக இழுக்கும். இருபத்தாறு ஓட்டையும் பிடித்தன. இருபத்தேழாவதில் பின் போனதே தெரியவில்லை. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டதுபோல் தொளதொளவென்று ஆடியது.

டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே இருக்கும் உலோக உதடுகள் அகன்று கிடந்தன. யாரோ மீட்டரின் தடித்த ஊசியை முன்பக்கமாகக் குத்தியிருக்கிறார்கள்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டி பிழைத்தது, அவள் ஜெயித்தாள். வாய் சும்மா இருக்குமா?

"எந்த மடையன் இதுக்குள்ள மீட்டர் ஊசியைச் சொருகினது? முன்னாடி குத்தினா அகண்டுடும்னு ஒரு அறிவு வேணாம்? கண்ணு எங்க இருந்துச்சு அந்த ஆளுக்கு?"

ஹாரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"வழியில எவனையும் கை வைக்க விடலையே பாப்பா. நீ தொட்ட வண்டியை உன்னைத் தவிர யாரும் தொட்டது இல்ல."

அக்காவின் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்தது.

6

(இந்த இடத்தில் ஆறாவது வரைவில் ஹாரன் வேறொரு பட்டறையில் நிறுத்தினார் என்று எழுதினேன். யாரோ முகம் தெரியாத ஒரு மெக்கானிக் குத்தினான். கதை நன்றாக ஓடியது. ஏழாவதில், கல்லூரியில் இதைச் சொல்லித் தரவில்லை என்று எழுதினேன். அதுவும் பொய். மீட்டர் பெட்டியிலேயே மெல்லிய ஊசி தனியாக இருந்தது. ஒயர் பக்கமாக, பின்னாலிருந்து விட வேண்டிய ஊசி. எடுக்கச் சோம்பல். தவிர, ஹாரன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேகமாகச் செய்து காட்ட வேண்டும் என்று இருந்தது. அரை மணி நேரம்! ஸ்டாண்டு முழுக்கப் புகழ் பெற்ற அந்த அரை மணி நேரம், மீட்டரின் கறுப்பு ஊசி இருபத்தேழாம் ஓட்டையில்தான் குத்திக்கொண்டு நின்றது.)

7

"உள்ள வா," என்றாள் அக்கா.

உள்ளே என்றால் ஆயில் டப்பாக்கள் அடுக்கிய அறை. ஒருத்தி நின்றால் இன்னொருத்தி ஒருக்களித்து நிற்க வேண்டும். அவள் அக்காவின் சட்டைப் பையில் கையை விட்டாள். அக்கா தடுக்கவில்லை. மடித்த வேலைச் சீட்டு வந்தது. கூடவே ஓட்டைக்குள் பொருத்தும் உலோகத் துண்டு, புது டெர்மினல், ஒயரோடு சேர்த்து அழுத்தி, மாட்டத் தயாராக.

சீட்டில் அவள் கையெழுத்து. ஸ்கேல் வைத்துப் போட்ட கனெக்டர் படம். இருபத்தேழைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில்: கறுப்பு ஊசி இங்கே.

"எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலம். நீ தலைவலின்னு போயிட்ட. பின் விட்டுப் பார்த்தேன். சீட்டையும் பார்த்தேன். உன் எழுத்துதான் முத்து முத்தா இருக்கே, யாருக்கும் புரியாம போகுமா?"

"அதுக்குப் பெட்டிமேல பழி போடுவியா? நீ? சுவத்துல எழுதினவ?"

"பெட்டி என்ன கேஸா போடப் போகுது? கழட்டற சாக்குல டெர்மினலை மாத்திட்டு, அதே பெட்டியைத் திரும்ப மாட்டிருப்பேன். வண்டியும் சரியாயிருக்கும், எல்லாரும் நல்லா இருந்திருப்போம். நீதான் செக் பண்ணணும் செக் பண்ணணும்னு குதிச்ச."

"என்னைக் காப்பாத்தச் சொல்லி நான் கேட்டேனா?"

"உன்னை யாருடி காப்பாத்தினா? மூஞ்சியைப் பாரு." அக்காவின் குரல் இறங்கியது. "அந்தச் சட்டைப் பையில ஒரு ஃபாரம் இருக்கு. நீ ஊசியைத் தப்பா குத்தினதுக்கு அந்தப் பொண்ணு என்னடி பண்ணுச்சு?"

கணக்கில் மூன்று முறை ஃபெயிலானவள், பார்த்தே இராத ஒருத்தியின் ஃபாரத்துக்காக, வாழ்நாளில் முதல்முறையாகப் பெட்டியைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கிறாள். தங்கை முகத்தைத் திருப்பி மூக்கை உறிஞ்சினாள். அது பிடிக்காமல் கோபப்பட்டாள்.

"தப்பே பண்ணாதவளைக் காட்டித்தான் அந்தப் பொண்ணைப் படிக்க அனுப்ப முடியும்னா, அவளும் போயி முதல் தப்புலயே மாட்டிக்குவாக்கா. அப்ப அவளுக்குப் பொய் சொல்ல ஒரு அக்கா இருப்பாளா?"

அக்கா டெர்மினலை வாங்கி, திரும்ப அவள் உள்ளங்கையிலேயே வைத்து அழுத்தினாள்.

"போ. போயித் தொலை. மூக்கைத் துடைச்சுட்டுப் போ."

8

அவள் சீட்டை நீட்டினாள். "அண்ணே, அந்த மடையன் நான்தான்."

ஹாரன் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கனெக்டரைப் பார்த்தார்.

அண்ணி எழுந்து வந்தாள்.

"கட்டை வச்சது நான். எங்கிட்டதானே முதல்ல சொல்லணும்?"

"ஆமா அண்ணி. உங்ககிட்டதான் சொல்லியிருக்கணும்."

"இப்ப சொல்லு."

சொன்னாள். ஊசி எவ்வளவு தடிமன், ஓட்டை எவ்வளவு சின்னது, எத்தனை நிமிஷம், ஏன். அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு உதிரிப் பின்னை வாங்கி, தானே இருபத்தேழில் விட்டு இழுத்தாள். இருபத்தாறில் விட்டு இழுத்தாள். மறுபடி இருபத்தேழு.

"தெரியுது," என்றாள். அவ்வளவுதான்.

அவள் புது டெர்மினலை மாட்டினாள். ஒயரை ஆட்டினாள். எண்கள் அசையவில்லை. அக்கா பக்கத்தில் நின்று டார்ச் அடித்தாள். அது தேவையே இல்லை, நல்ல வெளிச்சம் இருந்தது.

9

முடிவுகள்.

(அ) ஹாரன் கண் கலங்கிக் கையெழுத்துப் போடுகிறார். நடக்கவில்லை. அவர் அழுதிருந்தால் டயர் கடைக்காரர் ஆறுதல் சொல்ல வந்திருப்பார்.

(ஆ) ஃபாரத்தைக் கிழிக்கிறார். அதுவும் நடக்கவில்லை. பையிலிருந்து எடுத்தார், விரித்தார், அண்ணியைப் பார்த்தார். இருவரும் வெளியே போய் லாரியின் மறுபக்கம் நின்று என்னவோ பேசினார்கள். ஹாரனின் குரல் எனக்குக் கேட்காதது வாழ்க்கையில் அன்று ஒருமுறைதான்.

(இ) திரும்பி வந்து சொன்னார்: "இதை நான் வீட்டுல போயிச் சொன்னா, ஒண்ணு உன்னை ஏத்திச் சொல்லுவேன், இல்ல இறக்கிச் சொல்லுவேன். எனக்கு நடுவுல பேச வராது. நீயே எழுதிக் குடு. பொண்ணு படிக்கட்டும்."

"ஃபாரத்தையும் இதோட வச்சுக் குடு," என்றாள் அண்ணி. "நாளைக்கு வண்டி எடுக்க வரும்போது வாங்கிக்கறோம். படிச்சுட்டு அவளே சொல்லட்டும்."

ஆக, வாசகரே என்று இவ்வளவு நேரம் யாரை அழைத்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நீங்க, வாங்க எல்லாம் போதும். உன்னைத்தான்.

உன்னை நான் பார்த்ததில்லை. உன் அப்பா சொன்ன கதையில் நான் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரியைப் பார்த்து ஆசைப்பட்டிருந்தால், அவள் இல்லை. இருப்பது நான்தான். அரை மணி நேரத்தில் கோளாறைக் கண்டுபிடித்தவளும் நான், உன் அம்மாவின் முழங்கையைச் சிராய்த்தவளும் நான். இரண்டுக்கும் இதே படிப்புதான். ஓட்டை எங்கே என்று கடைசியில் கண்டுபிடித்ததும் இதே படிப்புதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு உன்னிடம் சிபாரிசு கேட்க மாட்டேன்.

ஃபாரம் உள்ளே இருக்கிறது. உன் அப்பா மடித்துக் கொடுத்தபடியே வைத்திருக்கிறேன். லாரிக்கு மறுபக்கம் நின்றபோது அவர் கையெழுத்துப் போட்டாரா இல்லையா, எனக்குத் தெரியாது. விரித்துப் பார்க்கச் சொல்லி அக்கா மூன்று முறை கேட்டுவிட்டாள். "நான் மட்டும் பார்க்கறேன், உனக்குச் சொல்லமாட்டேன்" என்றுகூடச் சொன்னாள். தரவில்லை. என்ன பாடம் என்று எழுதும் வரி காலியாக இருக்கிறது என்று மட்டும் உன் அம்மா சொன்னாள். நீ எழுத வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறார்களாம்.

இதோடு ஒரு உதிரிப் பின்னையும் ஒட்டியிருக்கிறேன். மெல்லியது. எதற்கும் வைத்துக்கொள். படிப்புக்கு இல்லாவிட்டாலும், வீட்டில் எதையாவது நோண்ட ஆகும்.

அந்தக் காலி வரியில் என்ன எழுதலாம் என்று எனக்கு ஒரு யோசனை இருக்கத்தான் செய்கிறது. சொல்ல மாட்டேன். என் ஊசி கொஞ்சம் தடி.